எந்த வண்டி என்று கேட்டிருந்தாய்

காஞ்சிபுரம்
7-2-1971

அன்பு மகள் லில்லிக்கு அம்மா எழுதுவது. அந்தத் தூர தேசத்தில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் கர்த்தர் உன்னைக் காப்பாராக. இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பா பட்டுச் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் டியூட்டிக்குத் தவறாமல் போகிறார், நான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன், குழந்தை பால் குடிக்கிறது. சுகம் என்று எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதனால் இதையே சுகம் என்று வைத்துக்கொள்.

உன் இரண்டு கடிதங்களும் போன வாரம் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. குவைத்தில் நீ கட்டிய பணத்துக்கு ஸ்கூட்டர் தருவதற்கான அனுமதி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது, வெஸ்பாவா லாம்பிரட்டாவா என்று பிப்ரவரி முடிவதற்குள் சொல்லாவிட்டால் அது தவறிப்போகும், தம்பியைக் கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது கடிதத்தின் கடைசியில், தப்பு என்மேல்தான் அம்மா, எந்த வண்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஏதாவது ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அம்சா இன்றைக்கு இருந்திருப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன். உனக்கு ஒரு தந்தியும், அதற்குப் பிறகு அப்பா கைப்பட நாலு வரியும்தான் வந்தன. நடந்தது என்ன என்று யாரும் உனக்கு முழுதாக எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேற்றும் இன்றும் லீவு. குழந்தையைப் பக்கத்து வீட்டு தேவகியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பிறகு வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அதன் பிறகு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

போன ஜூன் மாதம் நீ முதல் தடவை எழுதினாய் அல்லவா, ஊரில் இருப்பவர்கள் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், நான் இங்கிருந்து கட்டினால் சீக்கிரம் கிடைக்கும், இரண்டில் எது வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள் என்று. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பாதான் மாகறலுக்குத் தம்பியிடம் போனார். தம்பி கிராம சேவக் வேலை பார்க்கிறவன், விதை நெல் விஷயமாகவும் உரம் விஷயமாகவும் ஐந்தாறு ஊருக்குச் சைக்கிள் மிதித்துத் திரிகிறவன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவனைவிட அவன் பெண்டாட்டி அம்சாவுக்குத்தான் சந்தோஷம். அப்போது அவள் முழுகாமல் மூன்று மாதம். அந்த வாரமே இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள், வண்டியைப் பார்க்கவேண்டும் என்று. ராஜ வீதியில் பட்டுக்கடை வைத்திருக்கிற மாணிக்கவாசகத்திடம் லாம்பிரட்டா இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் வெஸ்பா. இரண்டையும் போய்ப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, ஒரு சுற்று போய் வந்து, வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அவனுக்கு லாம்பிரட்டா. நீளமாக, தாழ்வாக இருக்கிறது, இன்ஜின் நடுவில் இருப்பதால் மண் ரோட்டில் இழுக்காது என்றான். அவளுக்கு வெஸ்பா. "இன்னா அத்தை அது, கட்டில் மாரி நீட்டா இருக்குது, அதுல போனா ஊரே பார்க்கும்" என்றாள். வெஸ்பாவுக்கு இன்ஜின் வலது பக்கம் இருக்கிறதாம், அதனால் அந்தப் பக்கமாக இழுக்கும் என்று அவன் சொன்னான். அதற்கு அவள், "நான் இடது பக்கமாத்தானே காலைத் தொங்கப் போட்டுக்கினு உக்காருவேன், அங்க இன்ஜினு, இங்க நானு, தராசு மாரி நேரா நிக்கும் பாருங்க" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். அப்பா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான் கடைசி.

அப்போதே ஏதாவது ஒன்றை எழுதியிருக்கலாம். ஆனால் லில்லி, அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், இரண்டு பேருக்கும் சேர்ந்து யோசிக்க என்று அதற்கு முன்னால் ஒன்றும் கிடைத்ததில்லை. கிடைத்த குவார்ட்டர்ஸ், கிடைத்த பாத்திரம், நாங்கள் பார்த்து வைத்த கல்யாணம். இது ஒன்றுதான் இரண்டில் எது என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தது. பேப்பரில் வந்த விளம்பரப் படம் இரண்டையும் கத்தரித்து மாகறல் வீட்டுச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் எது நல்ல வண்டி என்று கேட்பாள். ஊரில் ஸ்கூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்களாம். ஜூலை போனது, ஆகஸ்டு போனது. நீ இரண்டு தடவை நினைவுபடுத்தி எழுதினாய். நானும் சொன்னேன். இந்தா எழுதிடறேம்மா, இந்த ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடறோம் என்பான். அக்டோபரில் ஒருநாள், வெஸ்பாவே இருக்கட்டும்மா, அவ ஆசைப்படறா என்று சொன்னான். சரி என்று நான் கடிதத் தாளை எடுத்து வைத்தேன். மறு வாரம் அவள் வந்து, "வேணாம் அத்தை, அவரு தினம் ஓட்டப்போறவரு, அவரு சொல்றதே இருக்கட்டும்" என்றாள். அப்படி ஒருவருக்காக ஒருவர் விட்டுக் கொடுத்ததில் இன்னும் கொஞ்ச நாள் போனது. இதில் யாரைக் குறை சொல்வாய், சொல். நீ கேட்டது குற்றமா, அவர்கள் யோசித்தது குற்றமா.

பிரசவத்துக்கு டிசம்பர் என்று சொல்லியிருந்தார்கள். நவம்பர் கடைசியில் அவளை வாலாஜாபாத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் அவன் வீட்டில் இருக்கும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஊர் நர்ஸ் அன்றைக்கு வேறு கிராமத்துக்குப் போயிருந்தாள். ஒரு வயசான மருத்துவச்சியை அழைத்து வந்தான். பகல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பஸ் வரவில்லை. வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம், அது பிற்பாடுதான் தெரிந்தது. மாட்டுவண்டியில் ஏற்றினால் குலுக்கலில் வழியிலேயே ஆகிவிடும் என்று மருத்துவச்சி பயந்தாள். அப்புறம்தான் இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடிக்க இங்கே கிளம்பினான். மழை நின்ற ரோடு, சேறும் பள்ளமும், எதிர்க்காற்று. ஸ்டாண்டில் இருந்த வண்டிகள் கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஒன்று திரும்பி வரும்வரைக்கும் அங்கே நின்றிருக்கிறான். என்னிடம் வந்து சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நான் அந்த நேரத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் டாக்ஸியோடு போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். கதவண்டையிலேயே மருத்துவச்சி நின்றுகொண்டு, கொழந்த நல்லா இருக்குது, ரத்தம்தான் நிக்க மாட்டேங்குது, சீக்கிரம் தூக்குங்க என்றாளாம். பின் சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். குழந்தையை மருத்துவச்சி முன் சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி வழி வரைக்கும் அம்சா பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். குளுருதுங்க என்று சொன்னாளாம், பாப்பாக்குக் காது மூடியிருக்குதா பாருங்க என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இருந்தது. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் கை நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடிப் போனபோது அவன் வராந்தா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வேட்டி முழுக்க ரத்தம். அம்மா, சைக்கிள அங்க ஸ்டாண்டிலேயே வுட்டுட்டேன் என்றான். முதல் வார்த்தை அதுதான். நான் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

மறுநாள் நம்முடைய கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்தோம். வாலாஜாபாத்திலிருந்து அவள் அப்பா தணிகாசலம், அம்மா, எல்லோரும் வந்தார்கள். ஒரு வார்த்தை யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தம்பி அழவில்லை. மண் போடும்போதும் அழவில்லை. மூன்றாம் நாள் மாகறலுக்குத் திரும்பிப் போய்விட்டான். இங்கேயே இருடா, லீவு போடு என்று அப்பா சொன்னதற்கு, நாத்து விடற நேரம், ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க என்றான். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டான். தூக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், உடனே கீழே விடுவதற்கு இடம் தேடுகிற மாதிரி சுற்றிப் பார்ப்பான். பெயர் இன்னும் வைக்கவில்லை. தேவகிக்கும் அதே சமயத்தில் பிள்ளை பிறந்திருந்ததால் இரண்டையும் மடியில் போட்டுப் பால் கொடுத்து இதை உயிரோடு வைத்தது அவள்தான், அவளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பெண் குழந்தை என்பதற்கு அவர்கள் பாஷையில் அம்மாயி அம்மாயி என்று கூப்பிடுவாள், தெருவில் எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அதுதான் இப்போதைக்குப் பெயர்.

டிசம்பரில் பட்டுக்கடை மாணிக்கவாசகம் என்னைத் தெருவில் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். டீச்சரம்மா, உங்க பையன் வாரத்துக்கு ரெண்டு நாள் கடைக்கு எதிர்ல வந்து நிக்கறாரு, உள்ள வாங்கன்னா வர்றதில்ல, என் வண்டியையே பார்த்துக்கினு நிக்கறாரு, ஒரு நாள் கிட்ட வந்து மணிக்கு எவ்ளோ போவும், சேத்துல எவ்ளோ போவும்னு கேட்டாரு, எனக்கு மனசே சரியில்லம்மா என்றார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மாகறலுக்குப் போனேன். வீடு பெருக்கி ஒழுங்காகத்தான் இருந்தது. சுவரில் அந்த இரண்டு படமும் அப்படியே இருந்தன. அதற்கு நேர் கீழே பாய் போட்டுப் படுக்கிறான். நான் படத்தைக் கிழிக்கப் போனேன், அம்மா வேணாம் என்று என் கையைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் அவன் மனசுக்குள் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருப்பது என்ன என்று எனக்குப் புரிந்தது. சைக்கிளில் எவ்வளவு நேரம், ஸ்கூட்டராக இருந்தால் எவ்வளவு நேரம், ஜூனிலேயே எழுதியிருந்தால் வண்டி எப்போது வந்திருக்கும், இதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். நீயும் அங்கே உட்கார்ந்து அதே கணக்கைப் போடுகிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்து இப்போது தெரிந்துகொண்டேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், மாகறலிலிருந்து வந்திருந்த தம்பியிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். அக்கா கேட்டிருக்காடா, பிப்ரவரிக்குள்ள பதில் போடணும் என்றேன். வேணாம்னு எழுதிடும்மா என்றான். அப்பா, குழந்தைக்கு ராத்திரியில் ஒன்று என்றால் நீ எப்படிடா வருவாய் என்று கேட்டார். எதுன்னு எனக்குத் தெரியலப்பா, என்னைக் கேக்காதீங்க என்றான். நான்தான், யாராவது தெரிந்தவர்களைக் கேட்டால் முடிவாகிவிடுமே என்று நினைத்து, டோல்கேட் பக்கத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிற முனுசாமியிடம் அவனை அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆளுக்கு நம் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. மாணிக்கவாசகத்தின் லாம்பிரட்டாவும் வேறு யாருடையதோ ஒரு வெஸ்பாவும் மூடி கழற்றின நிலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் போய், எங்களுக்கு இரண்டில் ஒன்று எடுக்க வேண்டும், மாகறல் பக்கம் போய் வர, எது நல்லது என்று சொல்லப்பா என்று கேட்டேன். அந்த ஆள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இரண்டையும் காட்டி, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. இதுக்கு இன்ஜின் நடுவுல, அதுக்கு ஓரத்துல. இது கொஞ்சம் நீட்டு, அது கொஞ்சம் குட்டை. குடிக்கிற பெட்ரோலும் ஒண்ணுதான், ஓட்டமும் ஒண்ணுதான்" என்றான்.

தம்பி அதுவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். ஒண்ணுதானா என்று கேட்டான். ஆமா சார் என்றான் முனுசாமி. வித்தியாசமே இல்லியா என்று மறுபடி கேட்டான். நான் போதும் வாடா என்று கையைப் பிடித்தேன், என்னை விலக்கிவிட்டான். முனுசாமி பாவம், வாங்க வந்தவர் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னான். "பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல சார். கண்ணை மூடிக்கினு ஏதோ ஒண்ணு எடுத்துடுங்க. எதுன்னு யோசிச்சிக்கினே இருந்தா வருஷம் போயிடும்."

தம்பி சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன், எனக்குச் சைக்கிள் தள்ளிப் பழக்கமில்லை, புடவை செயினில் மாட்டிக்கொள்கிறது, கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ரெயில்வே ஸ்டேஷன் வேலிக்கு இந்தப்புறம் ஒரு புங்கமரம் இருக்கிறதே, அதன் அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் அழுதான் லில்லி. அவ்வளவு நாளும் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. முப்பது வயசு ஆண்பிள்ளை, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள், பார்க்கட்டும் என்று நானும் இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதானாம்மா, ஒண்ணுதானாம், நாங்க அஞ்சு மாசம் பேசிக்கினு இருந்தோம் என்றான். அதையே சொன்னான்.

அழுது ஓய்ந்த பிறகு கேட்டான். அம்மா, நீ அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்னு அப்பா சொன்னாரு, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு கேட்டியா, அவங்க இன்னா சொன்னாங்க, மறைக்காம சொல்லு என்றான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் நான் அடித்தாலும் இப்படித்தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பான், உனக்குத் தெரியும்.

நான் போய்ப் பார்த்தது நிஜம்தான். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துத் தனியாகப் போனேன். அந்த அம்மாள் நல்லவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இதே கேள்வியைத்தான் கேட்டேன். முன்னாடியே வந்திருந்தா ரத்தம் ஏத்திப் பார்த்திருக்கலாம்மா, காப்பாத்தியிருக்கலாம்னுதான் நினைக்கறேன் என்றார். நான் வேறு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அப்பாவிடம் போய் வந்தேன் என்று மட்டும் சொன்னேன், இந்தப் பதிலைச் சொல்லவில்லை. இதுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

அவனிடம் நான் சொன்னது வேறு. கேட்டேண்டா, ஆஸ்பத்திரிக் கட்டில்லயே பெத்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாள்னு சொன்னாங்க, கர்ப்பப்பை உள்ளேயே கிழிஞ்சிடுச்சாம், அது ஆயிரத்துல ஒருத்தருக்கு வருமாம், எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம் என்றேன். நீ நர்சிங் படிக்கும்போது சத்தம் போட்டுப் படிப்பாயே, காதில் விழுந்த வார்த்தைகளை எல்லாம் எடுத்துப் போட்டுச் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன். மறுநாள் திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை மனப்பாடம் கேட்கிற நாள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்கிற இடம் வந்ததும் நான் சாக்பீஸ் எடுப்பதுபோல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் மறுபடி அவன் கேட்டால் மறுபடி அதையேதான் சொல்வேன். கர்த்தர் என்னிடம் கணக்குக் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் தண்டவாளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நெசமாவா என்று ஒரு தடவை கேட்டான். நெசந்தாண்டா என்றேன். அப்புறம் எழுந்து சைக்கிளை அவனே தள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்கு மாகறலுக்குப் போகவில்லை. வீட்டில் சாப்பிட்டான், இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான், அம்சா போன பிறகு அவன் மறுசோறு வாங்கி நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினான். காலையில் கிளம்பும்போது குழந்தை விழித்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் என்னிடம், அக்காவுக்கு வண்டி விஷயம் எழுதிடும்மா என்றான். எதுடா என்றேன். எது மொதல்ல வருதோ அது என்றான். கலர் என்று இழுத்தேன். எதுவும் கேக்க வேணாம்மா, எது மொதல்ல வருதோ அதை அனுப்பச் சொல்லு என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

ஆகவே லில்லி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டில் எது முதலில் கிடைக்கும் என்று அவர்களைக் கேள், அதற்கு எழுதிக் கொடுத்துவிடு. திரும்ப எங்களுக்கு எழுதிக் கேட்காதே. வண்டி எங்கே வந்து இறங்கும் என்பதை மட்டும் தெரியப்படுத்து, அப்பாவும் தம்பியும் போய் எடுத்து வருவார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, ரோட்டில் எந்த ஸ்கூட்டர் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனாலும் வரட்டும். அவன் ஊர் ஊராகப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க வாரத்தில் இரண்டு தடவையாவது வந்து போக வேண்டும், வாழ வேண்டியவன்.

இப்போது நான் கேட்க வேண்டியது. அவன் வாசலில் சைக்கிளில் ஏறிக்கொண்டே, நீ சொன்னத அக்காவுக்கு எழுதிக் கேக்கப்போறேம்மா, அவளுக்கு இதெல்லாம் தெரியும் இல்ல என்றான். கேளுடா, தாராளமாகக் கேள் என்று நானும் சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கடிதம் இதற்கு முன்னால் உன் கைக்கு வந்தாலும் வரலாம், பின்னால் வந்தாலும் வரலாம். நீ நர்ஸ். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாய். நான் சொன்னது சரியில்லை என்று படித்த உடனே உனக்குத் தெரிந்துவிடும், வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லியிருப்பேன். அதை நீ சரியான வார்த்தையில் எழுது. அம்மா சொன்னது நிஜம்தான் தம்பி, அந்த மாதிரி ஆனால் எங்கள் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காப்பாற்ற முடியாது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று எழுது. இங்கிலீஷில் அதற்குப் பெயர் இருந்தால் அதையும் போடு, நம்புவான். எழுதும்போது உனக்குக் கை கூசும், அது எனக்குத் தெரியும். உன்னை நான் பொய் சொல்லி வளர்க்கவில்லை.

நீயும் என்னிடம் அவன் மாதிரி கேட்டிருந்தால் உனக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன், தப்பு உன்மேல் இல்லை, எவ்வளவு சீக்கிரம் வண்டி வந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று. ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு பிள்ளைகளில் ஒருவரிடம்தான் என்னால் அதை மறைக்க முடிந்தது, மறைப்பதற்கு இன்னொருவர் துணை வேண்டியிருந்தது. நீ மூத்தவள். அதனால் உன்மேல் இதைப் போடுகிறேன், என்னை மன்னித்துவிடு கண்ணு. தூக்கம் வராத நாளில் எனக்கு எழுது, அவனுக்கு எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு. உங்கள் ஊரில் இப்போது குளிர் என்று எழுதியிருந்தாய், ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தேவகி உன்னை விசாரித்தாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையால் பிழைக்கிறவர்கள் பலராகட்டும். தம்பியின் மாகறல் விலாசம் உன்னிடம் இருக்கிறது அல்லவா, அவனுக்குப் போடுகிற பதிலை முதலில் எழுது, வண்டிக்காரர்களுக்கு அதற்குப் பிறகு எழுதலாம்.

உன் அம்மா,
சி. கங்கையம்மாள்